கட்டில் அளவு பலகைக்கு ரயில் பெட்டி பொறுக்கிய கதை

மாடல் ரயில் ஓட்டுவதற்காகப் போட்ட பலகை 6 அடிக்கு 3 அடி. ஒற்றைக் கட்டில் எவ்வளவோ அவ்வளவு. மதுரை அரசரடியில் எங்கள் வீட்டு மாடியறையில் அரிசி மூட்டை, பழைய கிரைண்டர், அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா எல்லாம் போக மிச்சம் கிடைத்தது அவ்வளவுதான். 8க்கு 4 பிளைவுட் ஷீட் எடுத்துக் கடையிலேயே அறுத்துத் தரச் சொன்னேன். மிச்சத் துண்டுகளைப் பூஜை அலமாரிக்கு என்று அம்மா அன்றைக்கே பத்திரப்படுத்திவிட்டார்.

இதில் ஓட வேண்டியது எச்.ஓ. அளவு ரயில். நிஜத்தில் 87 மி.மீ. இருப்பது இங்கே 1 மி.மீ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இதெல்லாம் எனக்கே போன வருஷம் தை மாதம்தான் தெரியும், அத்தான் ஒரு ஷூ டப்பாவோடு வந்து இறங்கியபோது. அவருக்குப் பென்சில்வேனியாவில் வேலை. அங்கே ஏதோ பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ரயில் மாடல் சந்தையில் மொத்தமாகப் பேரம் பேசி வாங்கியிருக்கிறார். “இந்த டப்பாவுக்கு இடம் பண்ணத்தான் என் ரெண்டு கிலோ பாதாமை வெளிய எடுத்து வச்சுட்டாரு” என்று அக்கா இன்றைக்கும் போனில் சொல்லிக்காட்டுவாள்.

டப்பாவில் இருந்தது ஒரு என்ஜின், ஏழு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம். என்ஜின் 4-4-0 ரகம்: முன்னால் நாலு சின்னச் சக்கரம், அதற்குப் பின்னால் நாலு பெரிய சக்கரம், கடைசியில் ஒன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்த நாடு முழுக்க இதுதான் ஓடியது என்பதால் இந்த ரகத்துக்குப் பெயரே ‘அமெரிக்கன்’. விறகு எரிக்கிற காலத்துப் புகைபோக்கி, தலைகீழாகக் கவிழ்த்த குடம் மாதிரி உப்பலாக. வளைவுத் துண்டுகளெல்லாம் 15 அங்குல ஆரம், அதாவது 38 செ.மீ. அரை வட்டம் போட்டால் 30 அங்குலம், ஓரத்துக்குக் கொஞ்சம் விட்டால் 33. மூன்றடிப் பலகையில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

பெட்டி ஏழும் ஒரே குடும்பம் இல்லை. இரண்டு நீளமான இரும்புப் பெட்டிகள், நிஜத்தில் 80 அடி. ஒன்று 50 அடி மரப்பெட்டி. மீதி நாலும் 34 அடிக் குட்டை மரப்பெட்டிகள், இரண்டு முனையிலும் திறந்த மேடை, படிக்கட்டு, கூரை நடுவில் ஜன்னல் வைத்து உயர்த்திய இரட்டை அடுக்கு. ஏழையும் ஓட்ட இடமில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை டப்பாவில் திரும்பப் போடுவது என்று முடிவெடுக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

கண் போனது நீளப் பெட்டிகள் மேல்தான். ஆறு ஆறு சக்கரமாக இரண்டு முனையிலும் கனமான அடிச்சட்டம், வரிசையாக ஜன்னல், பார்த்தாலே ராஜகம்பீரம். இவற்றை அங்கே ஹெவிவெயிட் என்பார்கள். மரப்பெட்டிகள் விபத்தில் தீப்பிடித்து எரிந்த கதைகள் பெருகி, 1906, 1907 வாக்கிலிருந்து இரும்புக்கு மாறியபோது வந்த வம்சம். தண்டவாளத்தில் வைத்து மெதுவாக ஓட்டினேன். நேர்கோட்டில் அழகு. வளைவில் ஏறியதும் மானம் போயிற்று. பெட்டியின் நடு வயிறு தண்டவாளத்தைத் தாண்டி உள்பக்கம் தொங்குகிறது, இரண்டு முனையும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, அடுத்தடுத்த பெட்டிகளின் கதவுகள் ஒன்றையொன்று பார்க்காமல் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு திசையில். அரை வட்டம் முடிவதற்குள் முன்சக்கரம் படியில் உரசி, பெட்டி ஒருக்களித்துச் சாய்ந்தது.

சரி, இது என் கைக்கோளாறா, கணக்கே அப்படியா என்று பார்க்கலாம் என்று இனிப்பு டப்பா அட்டையில் ஒவ்வொரு பெட்டியின் அளவுக்கும் ஒரு துண்டு வெட்டி, சக்கரச் சட்டம் திரும்பும் இடங்களில் குண்டூசி குத்தி, அந்த ஊசிகள் தண்டவாளத்தின் நடுக்கோட்டில் இருக்கும்படி வளைவில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். காசு கொடுத்துப் பெட்டி வாங்குகிறவர்கள் வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடலாம். நீளமும் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் உள்ள தூரமும் தெரிந்தால் போதும். ஊசி தூரத்தை அதாலேயே பெருக்கி, வளைவின் ஆரத்தைப் போல எட்டு மடங்கால் வகுத்தால் வயிறு எவ்வளவு உள்ளே வரும் என்று கிடைத்துவிடும். 80 அடிப் பெட்டிக்கு ஊசி தூரம் 205 மி.மீ. என்று அளந்தேன், கணக்கில் வந்தது 14 மி.மீ. கிட்டத்தட்ட தண்டவாள அகலமே! 34 அடிப் பெட்டிக்கு 80 மி.மீ., வந்தது 2 மி.மீ. பென்சில் கோடும் அதையேதான் சொன்னது.

இதைவிடச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு, மாடல் ரயில்காரர்கள் கைவசம் வைத்திருப்பது. வளைவின் ஆரத்தைப் பெட்டியின் நீளத்தால் வகுக்க வேண்டும். 2 வந்தால் சில பெட்டி ஓடும், சில ஓடாது. இரண்டரை வந்தால் பெரும்பாலும் ஓடும். 3 வந்தால் நம்பி ஓட்டலாம். மூன்றரைக்கு மேல் போனால்தான் வளைவின் உள்பக்கம் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குப் பொம்மையாகத் தெரியாது. என் வளைவு 381 மி.மீ. நீளப் பெட்டி 280 மி.மீ., விடை ஒன்றரைகூட இல்லை. 50 அடிப் பெட்டி 175 மி.மீ., விடை 2.2 அளவில். குட்டைப் பெட்டி 119 மி.மீ., விடை 3.2.

அவ்வளவுதான் விஷயம். பெட்டியைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, வளைவு.

நீளத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. என் ஸ்டேஷன் நடைமேடைக்குக் கிடைப்பது 42 செ.மீ., பக்கத்து லூப் லைனில் (பிரிந்து போய்த் திரும்பச் சேரும் பக்கப்பாதை) 65 செ.மீ. நீளப் பெட்டி இரண்டை என்ஜினோடு கோத்தால் 76 செ.மீ., லூப்பில் நிற்காது. தலை உள்ளே என்றால் வால் பாயின்ட்டின் மேல், அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தில். குட்டைப் பெட்டி மூன்றைக் கோத்தால் பெட்டிகள் மட்டும் 40 செ.மீ., நடைமேடையில் அத்தனையும் நிற்கும், என்ஜினையும் சேர்த்து 60, லூப்பிலும் அடங்கும். இரண்டு பெட்டி ரயில் எதையோ தொலைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. மூன்று பெட்டி வந்தவுடன் ரயில் ஆகிவிடுகிறது. ஒரு பெட்டியில் பாதி சாமான் பாதி ஆள், அடுத்த இரண்டும் முழுக்க ஆள் என்று வைத்தேன். கிளைப்பாதை ரயில் அங்கேயும் இப்படித்தான் இருந்தது.

இவ்வளவு குட்டையாக நிஜத்தில் பெட்டி உண்டா, பொம்மைக்காகச் சுருக்கியதா என்ற சந்தேகம் எனக்கு முதலிலிருந்தே உண்டு. தேடிப் பார்த்தால் உண்டு. கலிஃபோர்னியாவில் சியர்ரா ரயில்வேயின் ஏஞ்சல்ஸ் கிளைப்பாதை மலைச்சரிவில் அத்தனை கொடூரமான வளைவுகளோடு போட்டது. சாதாரண நீளப் பெட்டி திரும்பாது என்று 1902இல் இதற்கென்றே குட்டைப் பெட்டிகள் கட்ட வைத்தார்கள், அதில் ஒன்று பாதி சாமான் பெட்டி. ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் அந்தப் பழைய ரயில் நிலையமும் ஷெட்டும் இன்று அரசு நினைவகப் பூங்கா. கட்டில் அளவுப் பலகையில் எனக்கு வந்த அதே தொல்லை நூற்றுச் சொச்சம் வருஷம் முன்னாலேயே நிஜ ரயில்காரனுக்கு வந்திருக்கிறது, அவனும் வளைவை விட்டுவிட்டுப் பெட்டியைத்தான் மாற்றியிருக்கிறான். இதைப் படித்ததும் எனக்கு நீளப் பெட்டி மேல் இருந்த ஆசை பாதி போயிற்று.

மீதிப் பாதி காலக்கணக்கில் போயிற்று. குடம் புகைபோக்கி என்ஜினுக்குப் பின்னால் இரும்பு ஹெவிவெயிட் மாட்டினால், மாட்டு வண்டியில் குளிர்சாதனப் பெட்டி வைத்த மாதிரி. திறந்த மேடை மரப்பெட்டியின் காலம் பெரும்பாலும் 1800களின் கடைசிப் பகுதி; 1887 வாக்கில் புல்மன் என்ற பெட்டி கட்டும் கம்பெனி, பெட்டிக்குப் பெட்டி நடந்துபோக மூடிய நடைகூண்டைக் கொண்டுவந்த பிறகு பெரிய ரயில்களில் திறந்த மேடை குறைந்தது. ஆனால் கிளைப்பாதைகளில் பழைய பெட்டிகள் சாகும்வரை ஓடின. அதனால் மரப்பெட்டி வைத்துக்கொண்டால் பின்னால் புது என்ஜின் வாங்கினாலும் தப்பில்லை, இரும்புப் பெட்டி வைத்துக்கொண்டால் பழைய என்ஜினை விட்டாக வேண்டும். அத்தான் ஒருமுறை பிள்ளைகளோடு ஸ்ட்ராஸ்பர்க் ரயில் ரோடு என்ற கம்பெனியின் ரயிலில் போய்ப் படம் அனுப்பினார். 1832இல் சாசனம் வாங்கிய கம்பெனி, மரப்பெட்டிகளை இன்னும் ஆள் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறது. மேடையில் நின்றுகொண்டு என் மருமகன் கம்பியைப் பிடித்திருந்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கைப்பிடிக் கம்பிக்கு என்ன நிறம் என்பதையே கண்டுபிடித்தேன்.

பார்க்க வருகிற எல்லாரும் கேட்பது ஒன்று: எதற்கு அமெரிக்கா ரயில், நம்ம போடி பாசஞ்சரைச் செய்ய வேண்டியதுதானே? ஆசை இல்லாமலா. மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதையில் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்க்குள் ரயில் நுழைவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2010 கடைசியில் நிறுத்தினார்கள், அகலப்பாதையாக 2022இல் தேனி வரைக்கும் 2023இல் போடி வரைக்கும் திரும்பி வந்தது, நடுவில் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் முடித்துவிட்டது. ஆனால் 16.5 மி.மீ. தண்டவாளம் என்பது 1435 மி.மீ. அகலத்தை 87ஆல் வகுத்தது. நம்முடைய அகலப்பாதை 1676, மீட்டர் கேஜ் 1000. முதலாவதற்கு 19.3 மி.மீ. வேண்டும், இரண்டாவதற்கு 11.5. 1435 தமிழ்நாட்டில் ஓடுவது சென்னை மெட்ரோவில்தான், அதற்குப் புகைபோக்கி கிடையாது. மீட்டர் கேஜுக்குப் பொருந்துகிற 12 மி.மீ. தண்டவாளம் உலகத்தில் கிடைக்கிறது, ஆனால் அதில் ஓட நம்ம ஊர்ப் பெட்டி ஒவ்வொன்றையும் நானே அறுத்து ஒட்ட வேண்டும். அது அடுத்த பலகை. இன்னும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்து மிரண்டுபோனேன்: நம் மீட்டர் கேஜில் அனுமதித்த ஆகக் கடுமையான வளைவு 16 டிகிரி, ஆரம் 109 மீட்டர். 87ஆல் வகுத்தால் ஒன்றேகால் மீட்டர். அரை வட்டம் போட எட்டடிக்கு மேல் அகலம் வேண்டும். அண்டாவை வெளியே போட்டாலும் நடக்காது.

இருந்தாலும் மனசு கேட்காமல் ஒரு குட்டைப் பெட்டிக்கு மட்டும் நம்ம பாசஞ்சர் அரக்குச் சிவப்பு அடித்துப் பார்த்தேன். இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரயில்வேயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். ஸ்டேஷனில் ரயில் நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவார்களே, அந்த வேலை. இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் அவர் சட்டையில் கிரீஸ் வாசனை இருக்கும். பலகை வேலை ஆரம்பித்த முதல் இரண்டு மாதம் மாடிக்கே வரவில்லை. பெயின்ட் வாசனை கீழே போனதும் ஏறி வந்தார், பெட்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நெறம் சரிதான். ஆனா இது நம்ம பெட்டி இல்லப்பா. நம்ம பெட்டியில பக்கவாட்டுல ஏறணும். ஜன்னல்ல கம்பி எங்க?”

அவர் சொன்னது முழுக்கச் சரி. முனையில் ஏறுகிற பெட்டிக்கு நம்ம நிறம் அடித்தால் யாரோ அண்ணாமலைக்கு மாலை போட்டுக்கொண்ட வெள்ளைக்காரர் மாதிரி இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, பென்சில்வேனியா ரயில்ரோட்டின் பெட்டிகளுக்கே டஸ்கன் சிவப்பு என்று ஒரு நிறம், நம் அரக்குக்கு அண்ணன் தம்பி. நான் அடித்த பெட்டி தற்செயலாக அவர்கள் ஊர்ப் பெட்டியாகவே ஆகிவிட்டது. அழிக்கவில்லை, அப்படியே விட்டேன்.

“அப்புறம் இன்னொண்ணு. சும்மா போகி போகின்னு சொல்லிக்கிட்டு இருக்க. போகிங்கிறது கீழ இருக்கிற சட்டமும் சக்கரமும். மேல இருக்கிறது கோச்.” முப்பது வருஷமாக நான் எஸ் ஃபோர் போகி என்று சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார் போல.

இப்போது நிஜமான தொல்லைக்கு வருகிறேன். குட்டைப் பெட்டி மூன்றையும் கோத்து முன்னால் இழுத்தால் நன்றாக ஓடியது. லூப் லைனுக்குள் பின்னால் தள்ளினால் பாயின்ட்டில் விழுந்தது. எப்போதும் நடுப்பெட்டி. தண்டவாளத்தைப் பிரித்து இரண்டு முறை ஒட்டினேன், பாயின்ட்டின் நாக்கை அரத்தால் நீவினேன், பலகையில் நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன், சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே ஆற்றில் இறங்கியிருந்த நாளில் நான் மாடியில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தண்டவாளத்தில்தான் கோளாறு என்ற நினைப்பு.

அப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கவிழ்த்தார். “சக்கரத்துக்கு நடுவுல எவ்வளவு?” எனக்குக் கேள்வியே புரியவில்லை. ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உள்முகத்துக்கு நடுவே உள்ள தூரம். “பிராடுக்கு 1600, மீட்டருக்கு 930. இதுக்கு என்னன்னு பாரு.” தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் போலிருந்தது, ரிட்டயராகிப் பதினோரு வருஷம் ஆகிறது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய டிஜிட்டல் வெர்னியர் என்னிடம் இருந்தது. எச்.ஓ.வுக்கு 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். நடுப்பெட்டியின் நாலு அச்சில் இரண்டில் 14.0, ஒன்றில் 13.9. சக்கரம் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கியிருக்கிறது, பாயின்ட்டில் தண்டவாளம் பிரியும் இடத்தில் சக்கரத்தின் துருத்திய உள்விளிம்பு போய் இடித்து ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் அச்சு என்பதால் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் நகர்கிறது. திருகி, அளந்து, திருகி, அளந்து, மூன்று பெட்டிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு அச்சு, ஒரு சாயங்காலம் போயிற்று. அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றைத் திருப்பித் தந்தார்: “இது கோணல். மாத்து.”

இதனால் பாதி குணமாயிற்று. நடுப்பெட்டி பத்து முறையில் மூன்று முறை இன்னும் விழுந்தது. மீதிக் குற்றவாளி கப்ளிங், பெட்டியோடு பெட்டியைக் கோக்கும் கொக்கி. டப்பாவில் வந்த பெட்டிகளில் பழைய கொம்புக் கொக்கி ரகம், பிளாஸ்டிக்கில் ஒரு பக்கம் வளைந்த விரல் மாதிரி. இழுக்கும்போது ஒழுங்காக இருக்கும், தள்ளும்போது ஒன்றையொன்று பக்கவாட்டில் நெட்டும். லேசான பெட்டி, இறுக்கமான வளைவு, பக்கவாட்டு நெட்டல் மூன்றும் சேர்ந்தால் பெட்டி வெளியே குதிப்பதைத் தவிர வேறு என்ன செய்யும். முஷ்டி மடக்கிய கைபோல இருக்கும் நக்கிள் கப்ளருக்கு மாற்றினேன். நிஜ ரயிலில் இருப்பதும் அதன் பெரியப்பாதான். அமெரிக்காவில் 1893 சட்டத்துக்கு முன்னால் வளையமும் ஆணியும் வைத்துக் கோத்து எத்தனையோ ரயில்வே தொழிலாளிகள் விரலை இழந்தார்கள், தானாகக் கோத்துக்கொள்ளும் கப்ளர் அதற்குப் பிறகுதான் கட்டாயமானது. இதைச் சொன்னதும் அப்பா தன் இடது கைச் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டார். அது இருக்கிறது, கொஞ்சம் வளைவாக. எப்படி என்று நான் கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை.

கப்ளரைப் பெட்டியின் உடம்பில் பொருத்துவதா, சக்கரச் சட்டத்திலேயே பொருத்துவதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. சட்டத்தில் இருந்தால் வளைவில் கூடவே திரும்பும், ஆனால் தள்ளும்போது அந்த விசை நேரே சக்கரத்தின் மேல் போய் அதைத் திருப்பிவிடும். உடம்பில் இருந்தால் தள்ளுவதற்கு நல்லது, ஆனால் நீளப் பெட்டிகளில் முனை வெளியே நீட்டுவதால் 15 அங்குல வளைவில் பக்கத்துப் பெட்டியைப் பிடித்து இழுத்துவிடும். குட்டைப் பெட்டியின் முனை 2, 3 மி.மீ. தான் நீட்டுகிறது என்பதால் உடம்பிலேயே போட முடிந்தது. இங்கேயும் குட்டைதான் ஜெயித்தது.

கடைசியாக எடை. எச்.ஓ. பெட்டிக்கு அமெரிக்க மாடல் சங்கத்தார் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: முதலில் 28 கிராம், அதன் மேல் நீளத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஐந்தரை கிராம் சொச்சம். 119 மி.மீ. பெட்டிக்கு 95 கிராம் வருகிறது. தெற்காவணி மூல வீதியில் நகைப்பட்டறை வைத்திருக்கும் பள்ளிக்கூடத்து நண்பனிடம் கொண்டுபோய் நிறுத்தேன். மூக்குத்தி நிறுக்கிற தராசில் ரயில் பெட்டியை வைத்ததும் பட்டறையே வேடிக்கை பார்த்தது. 58, 61, 57. “செய்கூலி சேதாரம் எவ்வளவு மாப்ள?” என்றான். கிட்டத்தட்ட 35 கிராம் குறைச்சல். பைபாஸ் ரோட்டில் கார் சக்கரத்துக்கு பேலன்சிங் பார்க்கும் கடையில் பின்னால் பசை ஒட்டிய எடைத்துண்டுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் 5 கிராம் என்று மேலேயே அச்சிட்டிருக்கும். ஏழு ஏழாக வாங்கி, பெட்டிக்குள் தரையில், இரண்டு சக்கரச் சட்டங்களுக்கும் நடுவில் சமமாக ஒட்டினேன். உயரத்தில் ஒட்டக் கூடாது, வளைவில் சாயும். இதற்குப் பிறகு லூப் லைனில் தள்ளி நாற்பது முறை எண்ணினேன். ஒரு முறைகூட விழவில்லை. நாற்பத்தொன்றாவது முறை பல்லி குறுக்கே ஓடி விழுந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எடை கூடினால் என்ஜின் இழுக்குமா என்று கேட்பீர்கள். மேடு இல்லாத பலகையில் மூன்று பெட்டியைத் தாராளமாக இழுக்கிறது. நாலாவது பெட்டியையும் கோத்துப் பார்க்க நினைத்திருந்தேன், அதற்குள் ஒரு முட்டாள்தனம் பண்ணிவிட்டேன். மே மாதம், நாலாவது பெட்டியின் கூரைக்குக் கறுப்பு அடித்து, மாடியில் வைத்தால் தூசி ஒட்டும் என்று காருக்குள் முன்கண்ணாடிக்குக் கீழே காய வைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனேன். வெயில் மதுரை வெயில், கார் உள்ளே அடுப்பு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பெயின்ட் அற்புதமாகக் காய்ந்திருந்தது, கூரை நடுவில் தொட்டில் மாதிரி குழிந்து, ஒரு பக்கச் சுவர் உள்ளே சாய்ந்திருந்தது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தப் பார்த்ததில் படிக்கட்டும் போயிற்று. பிளாஸ்டிக் பெட்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் நிழலில், ஒரு சில்வர் குண்டானைக் கவிழ்த்து மூடிக் காய வையுங்கள். தூசியும் ஒட்டாது, கூரையும் மிஞ்சும்.

50 அடிப் பெட்டியை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. தனியாக ஓட்டினால் ஓடுகிறது, குட்டைப் பெட்டிகளோடு கோத்தால் அவற்றைப் பக்கவாட்டில் இழுக்கிறது, அதோடு அதற்குப் பக்கத்தில் அவை இன்னும் குட்டையாகத் தெரிகின்றன. தனியாகப் பார்க்கும்போது குட்டைப் பெட்டி குட்டையாகத் தெரிவதே இல்லை, அதுதான் விசேஷம். எனவே 50 அடியும், ஹெவிவெயிட் இரண்டும், ஷூ டப்பாவுக்கே திரும்பின. அத்தானிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை, அவர் ரொம்பப் பெருமையாகக் காட்டியது அந்த இரண்டு பெட்டியைத்தான். அடுத்த தை மாதம் அவர் வருவதற்குள் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து உள்ளே வைத்துவிட்டால் மரியாதையாக இருக்கும்.

வெந்த பெட்டியைக் குப்பையில் போடப் போனேன். அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த நாள் பார்த்தால் சக்கரச் சட்டங்களைக் கழற்றி உதிரிக்கு எடுத்து வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் லூப் லைனுக்குப் பக்கத்தில், தீக்குச்சிகளைக் குறுக்குக் கட்டைகளாக அடுக்கி அதன் மேல் தரையோடு வைத்திருந்தார். சுவரில் சாக்பீஸ் கூராக்கி ‘கண்டம்’ என்று எழுதியிருந்தார், ஓட லாயக்கில்லை என்று ஒதுக்கிய பெட்டிக்கு அவர்கள் ஊழியத்தில் சொல்வது. ஒதுக்கிய பெட்டிகளை ஷெட் ஓரத்தில் இப்படி இறக்கி வைத்து, உள்ளே கேங்மேன்கள் சாமான் வைத்துக்கொள்வதும் மழைக்கு ஒதுங்குவதும் உண்டாம். குழிந்த கூரையும் சாய்ந்த சுவரும் அந்த இடத்தில் வைத்ததும் ரொம்ப இயல்பாகப் பொருந்திவிட்டன. நான் இத்தனை மாதம் செய்ததில் இதுதான் நிஜம் மாதிரி இருக்கிறது என்று சொன்னால் நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நேற்று ராத்திரி மூன்று பெட்டி ரயிலை நடைமேடையில் நிறுத்திவிட்டு வயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பா பென்சிலின் பின்புறத்தால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே கடைசி வரைக்கும் போனார்.

“சத்தம் ஒண்ணும் வரலையேப்பா, பிளாஸ்டிக் சக்கரம்” என்றேன்.

“தெரியும். அந்தக் கண்டம் பெட்டியில ஒரு டீக்கடை வையி. வண்டி நின்னா டீ வேணும்ல.”